லண்டன் இன்ஜினா, திருவொற்றியூர் இன்ஜினா?

கொஞ்சம் நீளமான பதிவு. சாப்பிட்டுவிட்டுச் சாவகாசமாகப் படியுங்கள்.

ஆரணிக் கோட்டை, ஜாகிர், கைத்தறி என்று எழுதிக்கொண்டிருந்த வாத்தியார் ஏன் திடீரென்று மோட்டார் சைக்கிளுக்கு வந்துவிட்டார் என்று கேட்பீர்கள். இதுவும் வரலாறுதான். பாடப்புத்தக வரலாற்றில் இல்லாத ஒரு வசதி இதில் உண்டு: ஸ்பேனரை எடுத்துக் கழற்றி, உள்ளே எட்டிப் பார்த்துவிடலாம்.

நம் பக்கத்தில் பழைய புல்லட் வைத்திருக்கும் யாரிடம் பேசினாலும் இரண்டாவது நிமிடத்தில் ஒரு வசனம் வரும். "இது லண்டன் இன்ஜின் சார். இப்ப வர்ற மாதிரி கிடையாது." ஆரணி, சேவூர், போளூர், செய்யாறு, எங்கே போனாலும் இதே வசனம்தான். எல்லா வண்டியும் லண்டனிலிருந்து வந்திருந்தால் திருவொற்றியூர் தொழிற்சாலையில் இத்தனை வருடம் என்னதான் செய்தார்கள்? அதோடு இங்கிலாந்தில் செய்த புல்லட்கூட லண்டனில் செய்ததில்லை. அது ரெட்டிச் என்ற ஊரில் செய்தது. பர்மிங்காமுக்குத் தெற்கே, வூஸ்டர்ஷயர் மாவட்டத்தில் இருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். ஆரணியில் ஒரு நெசவாளர் வீடு. பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். தாத்தா ஓட்டிய 350 சிசி புல்லட் ஒன்று தறிக்கூடத்தின் ஓரத்தில் பல வருடமாகச் சாக்குப்பை மூடி நின்றது. பேரன் பட்டப்படிப்பு முடித்துவிட்டு அப்பாவோடு தறியில் உட்கார்ந்திருக்கிறார். தங்கைக்கு நர்சிங் படிப்புக்குப் பணம் கட்ட வேண்டிய நேரம். அப்போது சென்னையிலிருந்து பழைய வண்டி வாங்கும் ஒருவர் வந்து பார்த்தார். இங்கிலாந்து இன்ஜின் என்றால் ஒரு விலை, இல்லையென்றால் அதில் பாதிகூட வராது என்று சொல்லிவிட்டுப் போனார்.

பையன் நேராக மெக்கானிக்கிடம் போனார். அந்த மெக்கானிக் என்னிடம் எட்டாம் வகுப்பு படித்தவர். "சார், கழட்டறது நான் கழட்டிடுவேன். எந்த சாமான் எந்தக் காலத்துதுன்னு நீங்க வந்து பாருங்க" என்று என்னையும் இழுத்துவிட்டார். ஆக, இரண்டு நாள் பட்டறையில் வாசம். வீட்டில் கிடைத்த வசவைத் தனிப் பதிவாக எழுதலாம்.

இன்ஜினுக்குள் போவதற்கு முன்னால் ரெட்டிச் ஊரைப் பற்றி நாலு வரி. நெசவு ஊர்க்காரர்களுக்கு இது பிடிக்கும். ரெட்டிச் ஊசிக்குப் பேர்போன ஊர். 19ஆம் நூற்றாண்டில் உலகத்தின் பல மூலைகளில் துணி தைத்த ஊசிகள் அங்கிருந்து போனவை. பக்கத்திலுள்ள ஹண்ட் எண்டில் ஜார்ஜ் டவுன்சென்ட் என்பவர் 1851இல் ஊசித் தொழில் தொடங்கினார். பிற்பாடு அந்தப் பட்டறை சைக்கிளுக்கு மாறியது. 1890களில் ஆல்பர்ட் ஈடி, ராபர்ட் வாக்கர் ஸ்மித் என்ற இருவர் கைக்கு வந்தது. லண்டனுக்கு அருகில் என்ஃபீல்டு என்ற இடத்திலிருந்த அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலைக்கு நுட்பமான பாகங்கள் செய்துகொடுக்கும் வேலை அவர்களுக்குக் கிடைத்தது. அந்தப் பெருமையில் வைத்த பெயர்தான் ராயல் என்ஃபீல்டு. 'துப்பாக்கி போலச் செய்தது' என்ற விளம்பர வாசகமும் பீரங்கிச் சின்னமும் அப்படி வந்தவை. 1901இல் முதல் மோட்டார் சைக்கிள் செய்தார்கள். ஊசி, சைக்கிள், துப்பாக்கி, மோட்டார் சைக்கிள். எல்லாமே இரும்பை மயிரிழை சுத்தமாகக் கடையத் தெரிந்த கைகளின் வேலை.

'புல்லட்' என்ற பெயர் 1932இலேயே வந்துவிட்டது. நாம் பார்த்துப் பழகிய உருவம், பின்சக்கரத்துக்கு ஸ்பிரிங் வைத்த 350, 1948–49இல் வந்தது. அந்தச் சமயத்தில் சென்னையில் கே.ஆர். சுந்தரம் அய்யரின் மெட்ராஸ் மோட்டார்ஸ் பிரிட்டிஷ் வண்டிகளை இறக்குமதி செய்து விற்றுக்கொண்டிருந்தது. இந்திய ராணுவம் எல்லைக் காவலுக்கு 350 புல்லட்டைத் தேர்ந்தெடுத்தது. 1955இல் ரெட்டிச் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. முதலில் பாகங்களைக் கப்பலில் கொண்டுவந்து இங்கே பூட்டினார்கள். பிறகு அச்சுகளும் கருவிகளும் வந்தன. 1962 வாக்கில் எல்லாப் பாகங்களும் இந்தியாவிலேயே தயாராயின. ஆக, 'லண்டன் இன்ஜின்' என்று வாதாட ஒருவருக்கு 1955க்கும் 1962க்கும் நடுவில் கொஞ்சம் இடம் இருக்கிறது. அதற்குப் பிறகு மிகவும் கஷ்டம்.

இந்த வண்டியின் ஆர்.சி. புத்தகத்தில் 1964 என்று இருந்தது. தயாரிப்பாளர் கட்டத்தில் என்ஃபீல்டு இந்தியா. அத்தோடு முடித்திருக்கலாம். ஆனால் குடும்பத்தார் ஒப்புக்கொள்ளவில்லை. "வண்டி இங்கதான் சார் பூட்டனாங்க. இன்ஜின் மட்டும் லண்டன். எங்க அப்பா பொய் சொல்ல மாட்டாரு" என்றார் பையனின் அப்பா. அறுபது வருடமாக வீட்டில் சொல்லிவந்த பேச்சை ஒரு காகிதத்தைக் காட்டி அடக்கிவிட முடியாது. பிரித்துத்தான் பார்க்க வேண்டும்.

பிரிக்கும் முறையைக் கொஞ்சம் சொல்கிறேன். டேங்க்கை இறக்கி, ஆயிலை வடித்து, மேலிருந்து கீழே வர வேண்டும். பழைய புல்லட்டில் ராக்கர் மூடி இரண்டு தனித்தனியாக இருக்கும். அதைத் திறந்தால் ராக்கர். ராக்கரை எடுத்தால் புஷ்ராடு இரண்டும் கையில் வரும். புஷ்ராடுக்கு வெளியே தனிக் குழாய் கிடையாது; போருக்கு உள்ளேயே வழி விட்டு வார்த்திருக்கிறார்கள். பிறகு அலுமினிய ஹெட், அதற்குக் கீழே வார்ப்பிரும்பு போர், அதற்குள் பிஸ்டன். நம் மெக்கானிக் பழைய இட்லித் தட்டில் குழிக்கு ஒரு மூடியின் திருகாணிகளைப் போட்டு வைத்தார். முட்டை அட்டையில் வால்வு, ஸ்பிரிங், லாக் எல்லாம் இன்லெட் தனி, எக்ஸாஸ்ட் தனி. எந்த அருங்காட்சியகமும் இதைவிட ஒழுங்காகச் செய்யாது.

வலப்பக்க மூடியைத் திறந்தால்தான் இன்ஜினின் புத்திசாலித்தனம் தெரியும். பல்சக்கரங்கள் வரிசையாக நிற்கும். சக்கரங்களில் சின்னச் சின்ன அடையாளங்கள் அடித்திருப்பார்கள். பூட்டும்போது அடையாளத்துக்கு அடையாளம் நேராக நிற்க வேண்டும். ஒரு பல் தள்ளினாலும் வால்வு திறக்கும் நேரம் மாறிவிடும். கிராங்க் முனையில் புழு போல வளைந்த மரை கொண்ட ஒரு நட்டு இருக்கிறது. இது இடது மரை. தெரியாதவர் வழக்கம்போல இடப்பக்கம் திருப்பிக் கழற்றப் பார்த்தால் இன்னும் இறுகும், முரட்டுத்தனம் செய்தால் உடையும். அந்த மரைதான் இரண்டு ஆயில் பம்ப்களையும் ஓட்டுகிறது. ஒன்று ஆயிலை அனுப்ப, இன்னொன்று அடியில் சேர்ந்ததைத் திரும்ப எடுக்க. திரும்ப எடுக்கும் பம்ப்புக்குத் திறன் அதிகம். அனுப்புவதைவிட வேகமாக எடுக்காவிட்டால் அடியில் ஆயில் தேங்கிவிடும் அல்லவா? ஆயில் டேங்க்கும் தனியாகத் தொங்குவதில்லை. கிராங்க் கேஸின் பின்பக்கத்திலேயே சேர்த்து வார்த்திருக்கிறார்கள்.

சரி, வயது பார்க்கும் கதைக்கு வருவோம். கோயில் திருப்பணியில் பழைய கல்வெட்டுக் கற்களைத் தலைகீழாக வைத்துக் கட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு கல்லின் வயதை வைத்துக் கோயிலின் வயதைச் சொல்ல முடியாது. எந்தக் கல் ஆதியிலிருந்து அசையாமல் இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். இன்ஜினும் அப்படித்தான்.

கார்புரேட்டர் மிக்கார்ப். அதைச் செய்யும் சென்னை யூகால் நிறுவனம் ஜப்பானின் மிகுனியோடு சேர்ந்து 1985இல் தொடங்கியது. ஆகவே இது அதற்கு முன்னால் இந்த வண்டியில் இருந்திருக்கவே முடியாது. மேல் அடுக்கு. பாயிண்ட் பெட்டியில் லூகாஸ்-டிவிஎஸ் முத்திரை. அந்த நிறுவனம் பாடியில் தொடங்கியது 1961. ஆகவே இது 1964 வண்டிக்கு ஆதியிலேயே வந்ததாகவும் இருக்கலாம், பிறகு மாற்றியதாகவும் இருக்கலாம். இது சாட்சிக்கு உதவாது. பிஸ்டன் இந்தியா பிஸ்டன்ஸ். செம்பியத்தில் 1949இலிருந்து இருக்கும் கம்பெனி. ஆனால் பிஸ்டன் தலையில் 40 என்று அடித்திருந்தது. அதாவது ஓர் அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் அதில் 40 பங்கு பெரிய பிஸ்டன். நம் கணக்கில் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேலே. புதிதாக வந்த வண்டியில் அது இருக்காது. போரைக் கடைந்து பெரிதாக்கி, அதற்கேற்ற பிஸ்டனைப் பின்னால் போட்டிருக்கிறார்கள்.

இந்த இடத்தில் மாணவர்களுக்கு ஒரு கணக்கு. புதிய போரின் விட்டம் 70 மி.மீ., பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம் 90 மி.மீ. உருளையின் கன அளவு என்ன? ஆரம் 3.5 செ.மீ., உயரம் 9 செ.மீ. 22/7 போட்டால் 346.5 வரும். 350 என்று சொல்லும் வண்டி உண்மையில் 346 சிசி. நான் வகுப்பில் உருளை நடத்தும்போது தண்ணீர்த் தொட்டியைத்தான் உதாரணம் சொல்வேன். புல்லட்டைச் சொல்லியிருந்தால் பின்பெஞ்சும் கவனித்திருக்கும்.

அடுத்தது மரை. இங்கேதான் பலபேர் வழுக்கி விழுகிறார்கள். இந்த இன்ஜினின் நட்டுகளுக்கு மில்லிமீட்டர் ஸ்பேனர் ஒழுங்காகப் பொருந்தவில்லை. மெக்கானிக் தன் குருநாதர் கொடுத்த பழைய விட்வொர்த் ஸ்பேனர் செட்டை எடுத்தார். அது அப்படியே பொருந்தியது. பையனுக்கு முகமெல்லாம் மலர்ச்சி. "பாத்தீங்களா சார், இங்கிலீஷ் ஸ்பேனர்தான் சேருது. அப்ப இங்கிலீஷ் இன்ஜின்தானே?"

இல்லை. ஜோசப் விட்வொர்த் என்ற மான்செஸ்டர்க்காரர் 1841இல் மரைகளுக்கு ஒரு பொது அளவு வகுத்தார். அதுவரை ஒவ்வொரு பட்டறைக்கும் ஒவ்வொரு மரை. ஒரு பட்டறையின் நட்டு அடுத்த பட்டறையின் போல்ட்டில் ஏறாது. அந்த ஸ்பேனரில் 1/4 என்று எழுதியிருந்தால் அது நட்டின் அகலம் இல்லை; கால் அங்குல போல்ட்டுக்கு உரியது என்று அர்த்தம். பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிளில் விட்வொர்த் வழி வந்த மரையும் இருக்கும், சைக்கிள் தொழிலிலிருந்து வந்த மரையும் இருக்கும். திருவொற்றியூருக்கு வரைபடமும் கருவியும் ரெட்டிச்சிலிருந்து வந்தபோது அந்த மரைகளும் கூடவே வந்தன. நம் நாட்டில் 1957 ஏப்ரலில் நயா பைசா வந்தது, 1958 அக்டோபரிலிருந்து கிலோவும் மீட்டரும் படிப்படியாக வந்தன. கடைத்தெருவில் சேரும் பலமும் கெஜமும் மறைந்தன. திருவொற்றியூரில் மட்டும் அங்குலம் ஆண்டுகொண்டிருந்தது. வரைபடம் மாறாமல் மரை எப்படி மாறும்? ஆகவே அங்குல மரை இங்கிலாந்துக்குச் சாட்சி சொல்லாது. வரைபடம் எங்கே பிறந்தது என்று மட்டும்தான் சொல்லும்.

இன்னொரு எச்சரிக்கை, வண்டி வைத்திருப்பவர்களுக்கு. சைக்கிள் மரை பெரும்பாலும் அங்குலத்துக்கு 26. ஒரு மில்லிமீட்டர் இடைவெளியுள்ள மெட்ரிக் மரை அங்குலத்துக்கு 25.4. கிட்டத்தட்ட ஒன்றுபோல இருப்பதால் இரண்டு சுற்று ஏறும், பிறகு மாட்டிக்கொள்ளும். 'இறுக்கமா இருக்குது, நல்லது' என்று நினைத்து முறுக்கினால் மரை மழுங்கிப்போகும். இந்த இன்ஜினிலேயே இரண்டு இடத்தில் யாரோ அப்படிச் செய்திருந்தார்கள்.

இரண்டாம் நாள் கிராங்க் கேஸைப் பிளந்தோம். மேல்பக்க நட்டுகளில் உளி வைத்துத் தட்டிய காயம் எத்தனையோ. ஆனால் உள்ளே கிராங்க் நட்டுகளில் ஒரு கீறல் இல்லை. இரண்டு பாதியும் சேரும் முகத்தில் பழைய ஷெல்லாக் ஒரே ஒரு அடுக்குதான். கன்ராடின் பெரிய முனையில் ரோலர் இல்லை. ஆதியில் போட்ட புஷ். இதை மிதக்கும் புஷ் என்பார்கள். கிராங்க் பின்னோடும் ஒட்டாது, கன்ராடோடும் ஒட்டாது, நடுவில் ஆயில் படலத்தின் மேல் தானும் சுற்றிக்கொண்டிருக்கும். பிற்காலத்தில் பலர் அதை எடுத்துவிட்டு ரோலர் பேரிங் போட்டுவிட்டார்கள். இங்கே அது அப்படியே இருந்தது. அதாவது 1964இல் மூடிய கீழ்ப்பகுதியை அன்றைக்குத்தான் முதல்முறையாகத் திறந்திருக்கிறோம். கிராங்க் கேஸில் வெட்டியிருந்த எண்ணும் ஆர்.சி. எண்ணும் ஒன்று, எண்ணைச் சுற்றி அரம் போட்ட தடம் இல்லை. அசையாத கல் இதுதான். திருவொற்றியூர் இன்ஜின். சந்தேகத்துக்கு இடமில்லை.

அப்படியானால் லண்டன் கதை எங்கிருந்து வந்தது? அதற்கும் பதில் கிடைத்தது. பரணிலிருந்து பாட்டி ஒரு ஹார்லிக்ஸ் டப்பாவை இறக்கித் தந்தார். உள்ளே துணியில் சுற்றிய அமால் கார்புரேட்டர். அதன் உடம்பில் 'இங்கிலாந்தில் செய்தது' என்று ஆங்கிலத்தில் எழுத்து. கூடவே நாலாக மடித்த ஒரு பில்: சென்னை புதுப்பேட்டை, 1966, பழைய சாமான். தாத்தா இரண்டாம் கையாக வாங்கிப் போட்டு, இருபது வருடம் ஓட்டி, மிக்கார்ப் வந்ததும் கழற்றிப் பத்திரப்படுத்தியிருக்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. அந்த ஒரு பாகம் இங்கிலாந்துதான். வீட்டுப் பேச்சில் அது வளர்ந்து வளர்ந்து இன்ஜின் முழுவதும் லண்டன் ஆகிவிட்டது.

சென்னைக்காரரிடம் பையன் போனில் உள்ளதைச் சொன்னார். அவர் சிரித்துவிட்டு ஒரு யோசனை சொன்னார்: அந்த அமாலை மாட்டிவிடுங்கள், கீழே நம்பர் இருக்கும் பாதியை மாற்றிக்கொள்ளலாம், இங்கிலாந்து என்றே பேசலாம், பேசிய விலையும் தருகிறேன். பையன் என் முகத்தைப் பார்த்தார், மெக்கானிக் தரையைப் பார்த்தார். தங்கையின் ஃபீஸ் கட்ட பத்து நாள்தான் இருந்தது. வேண்டாம் என்று நான் சொல்வது சுலபம், பென்ஷன் வாங்குகிறவன். நான் வாயைத் திறக்கவில்லை.

அப்பாதான் பேசினார். "விசைத்தறில பாலியஸ்டர் கலந்து ஓட்டி, ஆரணிப் பட்டுன்னு விக்கிறவன தினம் திட்டிக்கினு இருக்கேன். நானே போயி திருவொற்றியூர லண்டன்னு வித்தா, நாளைக்கி எந்த மூஞ்சிய வச்சிக்கினு திட்டுவேன்?" அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

பூட்டும்போது ஒரு தகராறு. மெக்கானிக் ரோலர் போடலாம் என்றார். "ஓட்டறதுக்கு அதான் சார் நல்லது. ஆயில் கொஞ்சம் கொறஞ்சாலும் தாங்கும்." அவர் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் அறுபது வருடம் ஓடிய புஷ்ஷை எடுத்துப் பழைய இரும்புக்குப் போட எனக்கு மனம் வரவில்லை. பையன் நெசவுக்காரர் முறையில் தீர்த்துவைத்தார். பாவு தீர்ந்ததும் தறியை முழுதாகப் பிரித்துவிட மாட்டார்கள். பழைய பாவின் முனையோடு புதுப் பாவை இழைக்கு இழை பிணைத்து இழுப்பார்கள். அச்சில் கோத்த வரிசை கலையாது. அதுபோலப் பழைய அளவிலேயே லேத் பட்டறையில் புதுப் புஷ் கடைந்து போடுவது, பழையதை டப்பாவில் அமாலோடு வைப்பது என்று முடிவானது. லேத்காரர் இரண்டு முறை கடைந்தார். முதல் புஷ் சுற்றவில்லை, இரண்டாவது சரியாக அமர்ந்தது.

இன்னொன்று. ரெட்டிச் தொழிற்சாலை 1967இல் மூடப்பட்டது. பிராட்ஃபோர்ட்-ஆன்-ஏவனில் மீதமிருந்த வேலையும் 1970இல் நின்றது. 1977இல் திருவொற்றியூர் புல்லட் கப்பலேறி இங்கிலாந்துக்கு விற்பனைக்குப் போனது. இதைப் பையனின் அப்பாவிடம் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப லண்டன்ல ஒருத்தன் 'இது மெட்ராஸ் இன்ஜின்'னு பெருமையா சொல்லிக்கினு இருப்பானா சார்?" என்று கேட்டார். இருப்பான் என்றுதான் சொன்னேன்.

வண்டியை வேலூர்ப் பக்கத்து முன்னாள் ராணுவ வீரர் ஒருவர் வாங்கிக்கொண்டார். சென்னைக்காரர் சொன்ன பெரிய விலை இல்லை. அவர் சொன்ன சின்ன விலையும் இல்லை, நடுவில் ஒன்று. முதல் வருட ஃபீஸுக்குப் போதும். வண்டியோடு ஹார்லிக்ஸ் டப்பாவும், ஒரு நாற்பது பக்க நோட்டும் போயின. நோட்டில் ஒவ்வொரு பாகத்துக்கும் எந்தக் கம்பெனி, எந்த அளவு, ஆதியா மாற்றியதா என்று நான் எழுதி, மெக்கானிக்கும் பையனும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். ஆம்ப்ஸ் மீட்டர் முள்ளை நடுவில் கொண்டுவந்து, டீகம்ப்ரசரை அழுத்தி, கிக்கரை மெதுவாக இறக்கி, பிறகு ஓர் உதை. மூன்றாவது உதையில் பிடித்தது. பாட்டி வாசலுக்கு வந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். 1955க்கும் 1970க்கும் இடைப்பட்ட என்ஃபீல்டு இந்தியா பாகங்கள் புத்தகம், சர்வீஸ் அட்டை, உதிரிபாக பில் எதுவாவது உங்கள் வீட்டுப் பரணில் இருந்தால் கரையான் அரிப்பதற்கு முன்னால் படம் எடுத்து இந்தப் பதிவின் கீழே போடுங்கள். பில்லில் கடைப் பெயர் அழிந்திருந்தாலும் பரவாயில்லை. தேதி தெரிந்தால் போதும்.